தாய்லாந்து காலைச் சந்தையில் ஆற்று மீன் தேடி

தாய்லாந்து நாட்டின் வடகிழக்குப் பகுதிக்கு 'ஈசான்' என்று பெயர். நம் ஊரில் வடகிழக்கு மூலையை ஈசான மூலை என்கிறோமே, அந்தச் சொல்லேதான் அங்கும் வழங்குகிறது. மணற்பாங்கான நிலம், வானம் பார்த்த சாகுபடி, பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு போகம் நெல். நிலத்தை 'ராய்' என்ற கணக்கில் அளக்கிறார்கள். இரண்டரை ராய் சேர்ந்தால் ஏறக்குறைய நமது ஒரு ஏக்கர். கையில் உருட்டித் தின்னும் பசையரிசிச் சோறும், அதற்குத் தொட்டுக்கொள்ள மீனும்தான் அங்குள்ள சிறு விவசாயிகளின் அன்றாட ஆகாரம்.

இவர்கள் மீனை விலை கொடுத்து வாங்கிப் பழகியவர்கள் அல்லர். வயலிலும் ஆற்றிலும் பிடித்தார்கள். வீட்டுக்கு எடுத்தது போக மிஞ்சியதைப் பக்கத்துச் சிற்றூர்ச் சந்தையில் விற்றார்கள். உப்பு, துணி, பிள்ளைகளின் பள்ளிச் செலவு ஆகியவற்றுக்கு அந்தக் காசு உதவியது. ஆகையால் அங்கே ஆறு எந்த நிலையில் இருக்கிறது என்று அறிய விரும்புகிறவர், காலைச் சந்தையில் மீன்காரப் பெண்கள் பரப்பி வைத்திருக்கும் மீனைப் பார்த்தாலே ஓரளவு தெரிந்துகொள்ளலாம். எந்த மீன் வருகிறது, எது வருவதில்லை, வந்த மீன் என்ன அளவில் இருக்கிறது என்ற மூன்றும் ஆற்றின் வரவு செலவைச் சொல்லிவிடும்.

இரு நிற ஆறு

ஈசான் பகுதியின் பெரிய ஆறு மூன். இதன் கரையில் உபோன் ராச்சதானி என்ற நகரம் இருக்கிறது. அங்கிருந்து கிழக்கே சாலை வழியாகச் சென்றால் பிபுன் மங்சாஹான் என்ற சந்தை ஊரும், அதற்கு அப்பால் கோங் சியாம் என்ற சிற்றூரும் வருகின்றன. கோங் சியாமில் மூன் ஆறு மீகாங் பேராற்றில் கலக்கிறது. மீகாங்கின் மறுகரை லாவோஸ் நாடு. மீகாங் நீர் செம்பழுப்பாகவும், மூன் ஆற்று நீர் நீலங்கலந்தும் இருப்பதால், கலக்குமிடத்தை 'இரு நிற ஆறு' என்று அந்நாட்டார் அழைக்கிறார்கள்.

இந்த வட்டாரத்தில் மீன்பிடித் தொழில் மிகப் பழமையானது. கோங் சியாம் வட்டத்தில் 'பா தேம்' என்ற செங்குத்தான பாறைச் சுவர் ஒன்று உண்டு. அதில் சுமார் 3,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை என மதிப்பிடப்படும் செந்நிற ஓவியங்கள் இருக்கின்றன. யானை, மனிதக் கை இவற்றுடன் பெரிய கெளுத்தி மீனும், மூங்கிலால் பின்னிய மீன் பறியும் அங்கே தீட்டப்பட்டுள்ளன. அதே மாதிரியான பறிகளை இன்றும் மூன் கரையில் காணலாம்.

மீகாங் ஆற்றுப் படுகையில் 1,148 இன மீன்கள் உள்ளதாக 2024ல் வெளியான ஓர் அறிக்கை கணக்கிட்டது. ஏறக்குறைய ஐந்தில் ஓர் இனம் அழிவை நோக்கிச் செல்வதாகவும் அதே அறிக்கை எச்சரித்தது.

விடியுமுன் கூடும் சந்தை

காலைச் சந்தையைத் தாய் மொழியில் 'தலாட் சாவ்' என்பார்கள். பொழுது புலருமுன் தொடங்கி, வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடும். புத்த பிட்சுக்கள் பிட்சைக்கு வரும் நேரமும் அதுவே. நல்ல மீன் பார்க்க வேண்டுமானால் அதற்கு முன்பே போய்ச் சேர வேண்டும். பெரிய ஆற்று மீனை ஓட்டல்காரர்கள் முதலிலேயே வாங்கிச் சென்றுவிடுவார்கள்.

சந்தையின் நடுவில் மேடை போட்ட கடைகள் இருக்கும். அவற்றில் உள்ளவை அநேகமாக வளர்ப்பு மீன்களும் கடல் மீன்களும். தேடி வந்தவர் ஓரங்களுக்குப் போக வேண்டும். அங்கே தரையில் பாய் அல்லது வாழை இலை விரித்து, நாலைந்து அலுமினியச் சட்டிகளுடன் கிராமத்துப் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். கொஞ்சம் கீரை, மூங்கில் குருத்து, வயல் நண்டு, நத்தை, தவளை, பருவத்தில் காட்டுக் காளான், கோடையில் செவ்வெறும்பு முட்டை ஆகியவற்றுக்கு நடுவே கூறு கட்டி வைத்த ஆற்று மீன் இருக்கும். முதல் நாள் மாலை கணவனோ மகனோ வலை போட்டு, விடியுமுன் எடுத்து வந்த மீன் அது. அளவு கொஞ்சமாகத்தான் இருக்கும். இனமோ பலவாக இருக்கும். ஒரே சட்டியில் ஏழெட்டு வகை கலந்து கிடப்பது சாதாரணம்.

விற்கும் பெண் வயதில் மூத்தவராயின் 'பா' என்று அழைப்பார்கள். பெரியம்மா என்று பொருள். இன்னும் முதியவரை 'யாய்' என்பார்கள், அது பாட்டி. இப்படி மரியாதையாக அழைத்துக் கேட்டால், எந்த மடுவில் பிடித்தது, என்ன வலை என்பது வரை பொறுமையாகச் சொல்வார்கள்.

ஆற்று மீனா, வளர்ப்பு மீனா?

முதலில் கேட்க வேண்டியது இதுதான். ஆற்று மீனை 'பிளா மெநாம்' என்றும், வளர்த்த மீனை 'பிளா லியங்' என்றும் சொல்வார்கள். 'பிளா' என்றால் மீன். ஆற்று மீனுக்கு விலை கூடுதல். ஆகவே வளர்ப்பு மீனை ஆற்று மீன் என்று சொல்லி விற்பதும் உண்டு. சட்டியில் உள்ள மீன் அனைத்தும் ஒரே அளவாக, ஒரே இனமாக, வயிறு கொழுத்து இருந்தால் அது குட்டை மீன் என்று பெரும்பாலும் முடிவு செய்யலாம். பல அளவும் பல இனமுமாக, சிலவற்றின் செதிலில் வலைத் தழும்புடன் இருந்தால் ஆற்று மீனாக இருக்கும்.

வளர்ப்பு மீன்களில் முதலிடம் 'பிளா நின்'. இது நைல் நதி இன ஜிலேபிக் கெண்டை. 1965ல் அப்போதைய ஜப்பான் இளவரசர் அகிஹிடோ, தாய்லாந்து மன்னர் பூமிபோலுக்கு 50 மீன்களை அனுப்பி வைத்தார். அரண்மனைக் குளத்தில் அவை பெருகின. மறு ஆண்டு மன்னர் 10,000 குஞ்சுகளை மீன் இலாகாவுக்கு வழங்கினார். நாடெங்கும் ஏழை விவசாயிகளின் குட்டைகளுக்கு இந்த மீன் பரவியது இப்படித்தான்.

அடுத்தது கெளுத்தி. ஆப்பிரிக்கக் கெளுத்தியையும் உள்நாட்டுக் கெளுத்தியையும் கலந்து உண்டாக்கிய ஒட்டு இனமே சந்தையில் அதிகம். ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்க்க நம் நாட்டில் தடை இருப்பதை வாசகர்கள் அறிவார்கள். அது நீர்நிலைகளில் புகுந்தால் மற்ற மீன்களைத் தின்று தீர்த்துவிடும் என்பதே காரணம்.

நமக்குத் தெரிந்த முகங்கள்

அங்குள்ள சட்டிகளில் நம் விவசாயிகளுக்குப் பழக்கமான மீன்கள் பல உண்டு. 'பிளா சோன்' என்பது நமது விராலேதான். 'பிளா மோ' என்பது பனையேறிக் கெண்டை. 'பிளா காவ்' நமது வாளையின் இனம். 'பிளா சலாட்' நமது சொட்டை வாளையின் இனம்.

இரண்டு மீன்களின் கதை சுவையானது. நமது ரோகு மீன் இந்தியாவிலிருந்து அங்கே கொண்டு செல்லப்பட்டது. அதற்குத் தாய் நாட்டார் 'யீசோக் தேட்' என்று பெயரிட்டார்கள். 'அயல்நாட்டு யீசோக்' என்று பொருள். யீசோக் என்பது அவர்களுடைய சொந்த ஆற்று மீன். மாறாக, இன்று நம் மார்க்கெட்டுகளில் முள் இல்லாத துண்டு மீனாக விற்கப்படும் 'பங்காசியஸ்' அங்கிருந்து வந்தது. தாய் மொழியில் அதற்குப் பெயர் 'பிளா சவாய்'. 1990களின் நடுவில் வங்கதேசம் வழியாக இந்தியாவுக்குள் வந்து, ஆந்திரத்துக் குட்டைகளில் பெருகியது. குட்டைகளில் டன் கணக்கில் விளையும் இந்த சவாய், தன் தாய் வீடாகிய மீகாங் ஆற்றில் அருகிவரும் இனங்களின் பட்டியலில் இருக்கிறது. சந்தையில் ஒரு மீன் மலிவாகக் கிடைப்பதால் ஆற்றில் அது பத்திரமாக இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது.

அரிதாகிவிட்ட மீன்கள்

ஆற்று மீன் தேடிச் செல்பவர்கள் முக்கியமாக எதிர்பார்ப்பவை இவை:

யீசோக்: மேலே சொன்ன சொந்த ஆற்று மீன். கெண்டைக் குடும்பம். பொன்னிறச் செதில், உடம்பின் நீளத்துக்குக் கருங்கோடுகள், கண் சிவப்பு. கிளிஞ்சல், நத்தை இவற்றை நொறுக்கித் தின்னும். கோடு இல்லாமல் இருந்தால் அது 'அயல்நாட்டு யீசோக்', அதாவது ரோகு என்று அறியலாம். உலக நாடுகளிடையே இம்மீனின் வியாபாரம் 1975 முதல் தடை செய்யப்பட்டுள்ளது.

கிரஹோ: கெண்டை இனத்திலேயே உலகில் மிகப் பெரியது. பெரிய தலை, அகன்ற செதில். இதைக் கம்போடியா 2005ல் தன் தேசிய மீனாக அறிவித்தது.

தேபா: துடுப்புகளில் நீண்ட இழை தொங்கும் பெரும் கெளுத்தி. ஆற்றில் வளர்ந்த பெரிய மீன் இன்று வலையில் படுவது அபூர்வம்.

பூக்: மீகாங்கின் ராட்சதக் கெளுத்தி. வளர்ந்த மீனுக்குப் பல் கிடையாது. பாசியும் நீர்த்தாவரங்களும் தின்று வாழ்கிறது. வட தாய்லாந்தில் சியாங் கோங் என்ற ஊரில் 2005ல் பிடிபட்ட ஒரு மீனின் நீளம் 2.7 மீட்டர், எடை 293 கிலோ. அதே ஊரில் 1990ல் ஒரே பருவத்தில் அறுபதுக்கும் மேல் பிடித்தார்கள். பிறகு ஒன்றுமே கிடைக்காத ஆண்டுகளும் வந்தன. 1983ல் மீன் இலாகா இதைச் செயற்கை முறையில் குஞ்சு பொரிக்கச் செய்தது. ஆதலால் இன்று சந்தையில் பூக் என்று விற்கப்படுவது அநேகமாகக் குட்டையில் வளர்ந்ததே. கண் மிகவும் கீழே, வாயின் மட்டத்தில் இருப்பதைக் கொண்டு இதைச் சவாயிலிருந்து பிரித்தறியலாம்.

சில சமயம் அழிந்தே போயிற்று என்று கருதப்பட்ட மீனும் தென்படுவது உண்டு. கீழ்த்தாடையின் நுனியில் கொக்கி போன்ற முனை உள்ள ஒரு பெரிய கெண்டை இனம் 2005க்குப் பிறகு விஞ்ஞானிகள் கண்ணில் படவேயில்லை. 2020க்கும் 2023க்கும் இடையில் கம்போடியாவில் மூன்று மீன்கள் அகப்பட்டதாக 2024ல் செய்தி வெளியாயிற்று. அவற்றைப் பிடித்தவர்கள் சாதாரண மீனவர்கள். மீனைப் பார்த்தால் சொல்லுங்கள் என்று ஆராய்ச்சியாளர்கள் அவர்களிடம் சொல்லி வைத்திருந்ததால்தான் விஷயம் வெளியே வந்தது. இல்லையேல் அவையும் குழம்பில் முடிந்திருக்கும்.

சட்டி ஏன் காலியாயிற்று?

மூன் ஆற்று மீன்களில் பல, மழைக்காலத் தொடக்கத்தில் மீகாங்கிலிருந்து புது வெள்ளத்தை எதிர்த்து ஏறி வருபவை. மூன் ஆற்றின் பாறை ஓட்டங்களிலும், வெள்ளம் பரவும் தாழ்நிலங்களிலும் முட்டையிட்டு, மழை ஓய்ந்து நீர் வடியும்போது மீகாங்குக்குத் திரும்பும். இந்தப் போக்குவரத்தை நம்பியே கரையோரக் கிராமங்கள் பிழைத்தன.

ஆறு மீகாங்கில் கலப்பதற்குச் சுமார் 5.5 கிலோமீட்டர் முன்பாக, 'பாக் மூன்' என்ற இடத்தில், உலக வங்கிக் கடனுதவியுடன் ஓர் அணை கட்டப்பட்டு 1994ல் முடிவடைந்தது. உயரம் 17 மீட்டர், நீளம் 300 மீட்டர். மின்சாரம் 136 மெகாவாட் என்று திட்டமிட்டார்கள். அணைகளுக்கான உலகக் கமிஷன் இதைப் பற்றி விசாரித்து 2000ல் அறிக்கை தந்தது. அணைக்கு முன் மூன் படுகையில் பதிவாகியிருந்த 265 இன மீன்களில் குறைந்தது 50 இனங்கள் மறைந்துவிட்டன என்றும், அணைக்கு மேலே உள்ள பகுதியில் மீன் பிடிப்பு 60 முதல் 80 சதவீதம் வரை குறைந்தது என்றும் அது கூறியது. பாறை ஓட்டங்களை நம்பியிருந்த இனங்களுக்கே பாதிப்பு அதிகம்.

மீன் ஏறுவதற்காக அணையில் படிக்கட்டு போன்ற வழி அமைத்தார்கள். அது சரிவரப் பயன்படவில்லை. நீர்த்தேக்கத்தில் நன்னீர் இறால் குஞ்சுகளை விட்டுப் பார்த்தார்கள். இந்த இறால் குஞ்சு பொரித்து வளர உப்பு கலந்த கழிமுக நீர் வேண்டும் என்பதை நம் இறால் வளர்ப்போர் அறிவார்கள். ஆகவே ஒவ்வோர் ஆண்டும் புதிதாக விட வேண்டியதாயிற்றே தவிர, அங்கே அது தானாகப் பெருக வழியில்லை. அணை கட்டிய மூன்றாண்டுகளின் இழப்புக்கென மீன்பிடிக் குடும்பத்துக்கு 90,000 பாட் ஈடு தர ஒப்புக்கொண்டார்கள். ஈட்டுத் தொகை ஒரு முறைதான் வரும். மீனோ ஆண்டுதோறும் வந்துகொண்டிருந்தது.

கிராமத்தாரின் நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 2001 ஜூனில் மதகுகள் திறக்கப்பட்டு ஓராண்டு திறந்தே இருந்தன. அந்த ஓராண்டில் கிராமத்து மீனவர்களே குறிப்பேடு வைத்து, எந்த மீன் எப்போது எந்த மடுவுக்கு வந்தது என்று பதிவு செய்தார்கள். 'தாய் பான்' ஆய்வு, அதாவது ஊரார் ஆய்வு என்று இதற்குப் பெயர். காணாமற்போயிருந்த பல இனங்கள் திரும்பி வந்ததை அதில் எழுதி வைத்தார்கள். பின்னர் 2002ல், ஆண்டுக்கு நான்கு மாதம் மதகைத் திறப்பது என்று அரசு முடிவு செய்தது. எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்ற தகராறு அதன் பின்பும் தொடர்ந்தது. மழையின் முதல் வெள்ளத்தோடு மீன் ஏறி வருகிறது. அந்தச் சமயத்தில் மதகு மூடியிருந்தால், பிறகு திறந்து முழுப்பயன் இல்லை என்பது மீனவர்களின் வாதம்.

மீகாங் ஆற்றிலும் மாறுதல் நேர்ந்துள்ளது. லாவோஸில் சயபூரி அணை 2019 அக்டோபரில் மின் உற்பத்தியைத் தொடங்கியது. அந்த ஆண்டின் இறுதியில் வடகிழக்குத் தாய்லாந்தின் சில பகுதிகளில் வழக்கமான செம்பழுப்பு நீர் தெளிந்து நீலமாகக் காணப்பட்டது. பார்வைக்கு அழகாக இருந்தாலும், வண்டல் குறைந்த நீர் அது. வண்டல் குறைந்தால் மீனுக்கும் வயலுக்கும் உரம் குறையும்.

வளர்ப்பு மீன் ஈடாகுமா?

ஆற்று மீன் போனால் என்ன, குட்டை மீன் இருக்கிறதே என்று கேட்கலாம். குட்டை மீன் பலரைக் காப்பாற்றியுள்ளது என்பது உண்மை. ஆனால் கணக்கைப் பார்க்க வேண்டும். குட்டை வெட்டக் கூலி, குஞ்சு வாங்கக் காசு, தீவனத்துக்குக் கடன் என்று முதலீடு தேவை. ஆற்று மீனுக்கு ஒரு வலையும் ஓர் இரவு உழைப்பும் போதும். நிலமில்லாதவனும் பிடிக்கலாம். பஞ்ச காலத்தில் நெல் பொய்த்தாலும் ஆறு கொடுத்து வந்தது. கையில் முதல் இல்லாத குடும்பத்துக்கு இந்த நஷ்டத்தைக் குட்டை மீன் முழுவதும் ஈடு செய்வதில்லை.

இடைப்பட்ட வழி ஒன்றை ஈசான் விவசாயிகள் வெகுகாலமாகக் கையாண்டு வருகிறார்கள். வயலின் தாழ்ந்த மூலையில் சிறு குட்டை ஒன்றை வெட்டி வைப்பார்கள். மழைக்காலத்தில் விரால், பனையேறி, கெளுத்தி ஆகியவை வாய்க்கால் வழியே வயலில் ஏறி, நெற்பயிருக்கிடையே இரை தின்று வளரும். அறுப்புக் காலத்தில் நீர் வடியும்போது எல்லாம் குட்டையில் வந்து சேரும். முள் கிளைகளைப் போட்டு வைத்து, கோடையில் நீரை இறைத்துப் பிடிப்பார்கள். குஞ்சும் வாங்குவதில்லை, தீவனமும் போடுவதில்லை. வயலில் கடும் பூச்சிமருந்து தெளித்தால் மட்டும் இந்த வரும்படி இல்லாமற்போகும்.

பச்சையாக உண்ணலாகாது

சந்தையில் குவிந்திருக்கும் சிறு கெண்டைகளில் 'சொய்' என்ற மீன் முக்கியமானது. இதை உப்பு, தவிடு அல்லது வறுத்த அரிசி மாவுடன் கலந்து ஜாடியில் பல மாதம் ஊறவைத்துப் 'பிளா ரா' தயாரிக்கிறார்கள். நம் கருவாட்டைப் போல, மீன் மலிந்த காலத்தில் சேர்த்து, இல்லாத காலத்துக்கு வைத்துக்கொள்ளும் முறை இது.

ஆனால் சிறு கெண்டைகளைப் பச்சையாகக் கொத்தி எலுமிச்சை, மிளகாய் சேர்த்து உண்ணும் வழக்கமும் அங்கே உண்டு. அதனால் ஒருவகைக் கல்லீரல் புழு உடலில் புகுந்து, நாளடைவில் பித்தநாளப் புற்றுநோய்க்குக் காரணமாகிறது. அந்த நோய் உலகிலேயே மிக அதிகமாக உள்ள இடங்களில் ஈசான் ஒன்று. எலுமிச்சைச் சாறு புழுவைக் கொல்லாது. நன்றாக வேகவைத்தால் அபாயம் இல்லை.

சந்தைக்குப் போகிறவர் கவனத்திற்கு

அங்கே செல்ல வாய்ப்புள்ளவர்களுக்குச் சில குறிப்புகள்:

1. நன்னீர் மீன்கள் இனம் பெருக்கும் காலத்தில், ஏறக்குறைய மே நடுவிலிருந்து மூன்று மாதம், மீன்பிடிக்கக் கட்டுப்பாடு உண்டு. தேதி இடத்துக்கு இடம் மாறும். அந்தக் காலத்தில் ஆற்று மீன் குறைவாக இருப்பது நல்ல அடையாளமே.

2. மழை ஓய்ந்து நீர் வடியும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் இனங்கள் அதிகம் காணக் கிடைக்கும்.

3. யார், எங்கே, என்ன வலையில் பிடித்தது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அனுமதி கேட்டுப் படம் எடுங்கள். அழியும் நிலையில் உள்ள மீனுக்கு ஆசைப்பட்டுக் கூடுதல் விலை தராதீர்கள். விலை ஏறினால் மேலும் தேடிப் பிடிப்பார்கள்.

4. புண்ணியத்துக்காக உயிர் மீன் வாங்கி ஆற்றில் விடும் வழக்கம் அங்கே உண்டு. ஒட்டுக் கெளுத்தியை ஆற்றில் விட்டால் மற்ற மீன்களுக்குக் கேடு.

அங்கே போகாத வாசகர்களும் இவற்றில் சிலவற்றை இங்கேயே கடைப்பிடிக்கலாம். ஊர்ச் சந்தையில் இப்போது என்னென்ன நாட்டு மீன் வருகிறது, முன்பு வந்து இப்போது வராதவை எவை என்று பெரியவர்களைக் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வைக்கலாம். மூன் கரைக் கிராமத்தார் செய்ததும் அதுதான். கோடையில் ஏரி, குளத்தை இறைத்து மீன் பிடிக்கையில் ஒரு பள்ளத்தில் நீரும், அதில் நாலு ஜோடி விராலும், பனையேறியும் விட்டு வையுங்கள். அடுத்த மழையில் வயலுக்கு ஏறி வருவது அவற்றின் குஞ்சுகளே.